மொறுமொறு தௌஹு: வீட்டில் பொரிக்கும் முறையும் தொட்டுக்கொள்ள நான்கு சாஸ்களும்

வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி மாதம், தைப்பூச விரதம் என்று வந்துவிட்டால் நம் வீட்டுச் சமையலறைகளில் தௌஹுவுக்கு மவுசு கூடிவிடும். விலை குறைவு, எந்தப் பசாரிலும் கிடைக்கும், சமைக்க அதிக நேரம் பிடிக்காது. ஆனால் கடையில் சாப்பிடும் தௌஹு கோரேங் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்க, வீட்டில் பொரிப்பது மட்டும் சட்டியில் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் எண்ணெய் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும். பிள்ளைகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தட்டோரம் ஒதுக்கிவிடுவார்கள்.

அப்படி ஒதுக்கப்படும் துண்டு சாதாரணமானதன்று. சைவ நாளில் சோறு, தண்ணியான சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம் என்று சாப்பாடு முடிந்துவிட்டால், அதில் மாவுச்சத்துதான் அதிகம். வளரும் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் புரதம் வேண்டும். 100 கிராம் கெட்டித் தௌஹுவில் 10 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஒரு கோழி முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். உடலால் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் அனைத்தும் சோயா புரதத்தில் உண்டு. ஆகவே, தௌஹுவை வீட்டில் உள்ளவர்கள் விரும்பிச் சாப்பிடும்படி சமைக்கத் தெரிந்துகொள்வது, நீண்ட விரதம் இருக்கும் குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

பெயரும் வகையும்

‘தௌஹு’ என்பது ஹொக்கியன் சீனச் சொல். மலாய்க்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாமும் பசாரில் கேட்டுப் பழகிக்கொண்டோம். ஜப்பானியர் வழியாக உலகெங்கும் பரவிய பெயர் ‘தோஃபு’. இரண்டும் ஒன்றுதான்.

சோயா அவரையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்துக் காய்ச்சி, அதைத் திரியவைத்தால் தௌஹு கிடைக்கும். பால் திரிந்து பன்னீர் ஆவதைப் போன்ற வேலைதான். திரியவைக்கப் பன்னீருக்கு எலுமிச்சைச் சாறு. தௌஹுவுக்குக் கால்சியம் சல்பேட் போன்ற உப்புகள். திரிந்ததை எவ்வளவு நேரம், எவ்வளவு பாரம் வைத்து அழுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் கெட்டித்தன்மை மாறும். கடைக்குப் போகும்போது கீழ்க்கண்ட வகைகளை அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது.

தௌக்வா: நன்றாக அழுத்தித் தண்ணீரை எடுத்த சதுரத் துண்டு. கையில் எடுத்தால் உடையாது. சிலவற்றின் வெளிப்புறம் மஞ்சள் நிறமாக இருக்கும். பொரிப்பதற்கு மிகவும் ஏற்றது இதுதான்.

வெள்ளைத் தௌஹு: தண்ணீரில் மிதக்கவிட்டு விற்கப்படும் நடுத்தரக் கெட்டி வகை. பொரிக்கலாம், ஆனால் முதலில் பாரம் வைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும்.

மென்மையான தௌஹு: பெட்டியில் அடைத்து விற்பது. கரண்டி பட்டாலே உடையும். சூப்புக்கும் ஆவியில் வேகவைக்கவும் நல்லது. பொரிக்கப் புதிதாகப் பழகுபவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம்.

முட்டைத் தௌஹு: நீளமான பிளாஸ்டிக் குழாயில் வரும். சோயாவோடு கோழி முட்டையும் கலந்தது.

தௌஹு போக்: ஏற்கெனவே பொரித்து, உள்ளே பஞ்சுபோல் காற்று நிறைந்திருக்கும் வகை. கறியில் போட்டால் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ஏர் பிரையரில் சில நிமிடம் சூடாக்கினால் போதும்.

சைவ நாளில் கவனிக்க வேண்டியவை

தௌஹு என்றாலே சைவம் என்று நினைத்து வாங்குவதில்தான் பலருக்கும் சிக்கல் வருகிறது. முட்டைத் தௌஹுவில் முட்டை இருக்கிறது. ‘மீன் தௌஹு’ என்று உறைபெட்டியில் விற்கப்படும் சதுரத் துண்டுகள் பெயரில்தான் தௌஹு. அவை மீன் விழுதால் செய்யப்படுபவை. யோங் தௌ ஃபூ கடைகளில் அடைத்து விற்கப்படும் தௌஹுவுக்குள் பெரும்பாலும் மீன் விழுது இருக்கும். சில சீனக் கடைகளில் பன்றி இறைச்சியும் சேர்ப்பதுண்டு.

சாஸ்களில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. புட்டியில் வரும் சம்பலில் பெலாச்சான் இருக்கலாம். அது இறாலில் செய்வது. பழ ரோஜாக்கில் ஊற்றும் கறுப்புச் சாஸில் பெத்திஸ் ஊடாங் எனும் இறால் விழுது உண்டு. சிப்பி சாஸும் மீன் சாஸும் பெயரிலேயே தங்களைச் சொல்லிவிடும். கடையில் வாங்கும் குவா காச்சாங்கிலும் சில வேளைகளில் காய்ந்த இறாலோ பெலாச்சானோ சேர்ந்திருக்கும். விரத நாளென்றால் பொட்டலத்தின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள். ‘ஊடாங்’ என்றால் இறால், ‘ஈக்கான்’ என்றால் மீன், ‘தெலூர்’ என்றால் முட்டை, ‘தீராம்’ என்றால் சிப்பி. இந்த நான்கு மலாய்ச் சொற்களைத் தெரிந்து வைத்திருந்தாலே பெரும்பாலான பொட்டலங்களைச் சரிபார்த்துவிடலாம்.

இன்னொரு விஷயம், எண்ணெய். முதல்நாள் மீனோ கோழியோ பொரித்த எண்ணெயை விரதச் சமையலுக்கு எடுக்காதீர்கள். வாசமும் ஒட்டிக்கொள்ளும்.

மொறுமொறுப்பின் சூட்சுமம் தண்ணீர்

தௌஹுவில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். துண்டின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை, எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்த மேற்பரப்பின் வெப்பம் 100 பாகையைத் தாண்டிப் போகாது. தௌஹு பொன்னிறமாகச் சிவக்க வேண்டுமென்றால் மேற்பரப்பு சுமார் 140 பாகைக்கு மேல் சூடாக வேண்டும். ஈரத்தோடு போட்டால், முதல் சில நிமிடங்கள் அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். இதற்குள் எண்ணெயின் சூடும் இறங்கிவிடும். துண்டு சிவக்காமல் எண்ணெயில் ஊறத் தொடங்கும். தொளதொளப்புக்குக் காரணம் இதுதான்.

எனவே அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே பாதிச் சமையல் முடிந்துவிட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

பாரம் வைப்பது: தௌஹுவைச் சுத்தமான துணியில் சுற்றி, மேலே ஒரு வெட்டுப் பலகை, அதன்மேல் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் வைக்கவும். தௌக்வாவுக்கு 15 நிமிடம், வெள்ளைத் தௌஹுவுக்கு 30 நிமிடம் தேவை. பாரம் அதிகமானால் வெள்ளைத் தௌஹு பிளந்துவிடும்.

உப்பு வெந்நீர்: கேட்பதற்கு விநோதமாக இருக்கும், ஆனால் பலன் தரும். ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் தௌஹு துண்டுகளை 15 நிமிடம் போட்டு எடுக்கவும். சூடும் உப்பும் சேர்ந்து மேற்பரப்பை இறுகச் செய்து, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். எடுத்துத் துடைத்தால் விரைவாகக் காய்ந்துவிடும். உப்பும் சற்றே உள்ளே இறங்கும்.

உறையவைப்பது: தௌஹுவை ஓர் இரவு உறைபெட்டியில் வைத்து, மறுநாள் உருகவிட்டுக் கையால் மெதுவாகப் பிழியவும். உள்ளே உருவாகும் பனிக்கட்டிகள் சின்னச் சின்ன துளைகளை உண்டாக்கிவிடுவதால், தௌஹு பஞ்சு போலாகித் தண்ணீரை எளிதில் விட்டுவிடும். மென்று சாப்பிடும் பக்குவம் வரும். சாஸையும் நன்றாக உறிஞ்சும்.

எந்த வழியைப் பின்பற்றினாலும் கடைசியில் துணியாலோ காகிதத் துண்டாலோ ஒவ்வொரு துண்டையும் எல்லாப் பக்கமும் ஒற்றி எடுக்க மறக்க வேண்டாம்.

பொரிக்கும் முறை 1: கடைப் பாணி, மாவு இல்லாமல்

தௌஹு கோரேங் விற்கும் கடைகளில் பெரும்பாலும் மாவு தொடமாட்டார்கள். முழுத் தௌக்வாவை அப்படியே பொரித்து, பிறகு வெட்டுவார்கள்.

தேவையானவை (4 பேருக்கு): தௌக்வா 4, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பொரிக்க எண்ணெய் சுமார் அரை லிட்டர்.

1. ஈரம் போக்கிய தௌக்வாவின்மேல் மஞ்சளும் உப்பும் மெல்லியதாகத் தடவவும்.

2. குழிவான சட்டியில் எண்ணெயை மிதமான தீயில் சூடாக்கவும். மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் விட்டால், அதைச் சுற்றி உடனே சின்னக் குமிழ்கள் வர வேண்டும். அது சுமார் 170 பாகை. புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிடவும்.

3. இரண்டிரண்டாகப் போடவும். போட்டதும் கிளற வேண்டாம். அடிப்பாகம் இறுகியதும் தானாகவே சட்டியை விட்டுவிடும். அதற்கு முன்பே புரட்டினால் தோல் பிய்ந்துவிடும்.

4. இடையிடையே திருப்பிவிட்டு 8 முதல் 10 நிமிடம் பொரிக்கவும். சலசலக்கும் ஓசை அடங்கி, குமிழ்கள் குறைந்து, தோல் பொன்னிறமாகக் கொப்புளித்தால் பதம் சரி.

5. எடுத்துக் கம்பி வலையில் வைக்கவும். காகிதத்தின்மேல் அடுக்கினால் அடியில் நீராவி தங்கி மொறுமொறுப்பு போய்விடும். மூடியும் வைக்கக் கூடாது.

பொரிக்கும் முறை 2: மாவில் புரட்டிய துண்டுகள்

பிள்ளைகளுக்குக் கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். அவர்களுக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

தேவையானவை: தௌக்வா 4, சோள மாவு 3 மேசைக்கரண்டி, அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி. விரும்பினால் மிளகாய்த் தூளும் சோம்புத் தூளும் கால் தேக்கரண்டி. சோள மாவு என்று இங்கே சொல்வது கடையில் ‘தெப்போங் ஜாகோங்’ என்று கிடைக்கும் வெள்ளை மாவு.

1. தௌக்வாவை ஓர் அங்குலச் சதுரங்களாக வெட்டி ஈரத்தை ஒற்றி எடுக்கவும்.

2. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைத் துண்டுகளின்மேல் விட்டுப் பிரட்டவும். மாவு சீராக ஒட்டுவதற்கு இது உதவும்.

3. மாவுகளையும் தூள்களையும் கலந்து தூவி, பாத்திரத்தைக் குலுக்கவும். கரண்டியால் கிளறினால் ஓரங்கள் உடையும். மாவு பிடித்த துண்டுகளை 5 நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். ஈரம் ஏறி மாவு பசையாகிவிடும்.

4. முதலில் நடுத்தரச் சூட்டில் 4 நிமிடம் பொரித்து எடுத்து, 5 நிமிடம் ஆறவிடவும். பிறகு எண்ணெயைச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கி, மறுபடி ஒன்றரை நிமிடம் பொரிக்கவும். ஆறும் நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் மேலே வரும். இரண்டாவது பொரிப்பு அதையும் விரட்டிவிடும். இப்படி இரண்டு முறை பொரித்தால் மொறுமொறுப்பு அதிக நேரம் நிற்கும்.

சோள மாவு மட்டும் போட்டால் மேல்தோல் இலேசாக இருக்கும். ஆறினால் விரைவில் மெத்தென்று ஆகிவிடும். அரிசி மாவு சேரும்போது முறுக்கைப் போல ஒரு கடினம் கிடைக்கும். இரண்டும் கலந்தால் சரியான பதம் வரும். கோதுமை மாவு இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது.

எண்ணெய் குறைவாக வேண்டுமென்றால்

தோசைக்கல்லில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அரை அங்குலக் கனத்துக்கு வெட்டிய தௌக்வாவை ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 5 நிமிடம் சுட்டு எடுக்கலாம். ஏர் பிரையர் இருந்தால், மாவில் புரட்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 200 பாகையில் 15 முதல் 18 நிமிடம் வைக்கவும். பாதி நேரத்தில் ஒருமுறை குலுக்கிவிடவும். பொரித்ததற்கு முற்றிலும் ஈடாகாவிட்டாலும், ஓரங்கள் நன்றாக மொறுமொறுவென்று வரும்.

சூடான எண்ணெய்: கவனம்

ஈரமான தௌஹு சூடான எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும். துண்டைச் சட்டியின் ஓரமாக, கைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடிவிடுங்கள்.

கையில் எண்ணெய் பட்டுச் சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கிச்சாப் ஊற்றுவது, பற்பசை தடவுவது போன்ற பழக்கங்கள் இன்னமும் சில வீடுகளில் உள்ளன. அவை காயத்தை ஆற்றாது. கிருமித் தொற்றுக்குத்தான் வழிவிடும். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டாலோ உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

தொட்டுக்கொள்ள நான்கு சாஸ்கள்

தௌஹுவுக்கென்று தனிச் சுவை அதிகம் இல்லை. சாப்பாட்டை ருசியாக்குவது சாஸ்தான். கீழே உள்ள நான்குமே பெலாச்சான் இல்லாத, சைவ நாளுக்கு ஏற்ற முறைகள்.

1. குவா காச்சாங் எனும் நிலக்கடலைச் சாஸ்

தேவையானவை: வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 150 கிராம், காய்ந்த மிளகாய் 8, சின்ன வெங்காயம் 6, பூண்டு 2 பல், செராய் தண்டு 1, புளிக்கரைசல் 3 மேசைக்கரண்டி, கூலா மெலாக்கா 40 கிராம், எண்ணெய் 4 மேசைக்கரண்டி, தண்ணீர் 300 மில்லி லிட்டர், உப்பு தேவையான அளவு.

காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, வெங்காயம், பூண்டு, செராயின் அடிவெள்ளைப் பகுதி ஆகியவற்றோடு விழுதாக அரைக்கவும். கடலையை ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளவும். மாவாக அரைத்துவிட்டால் சாஸ் களிபோல் ஆகிவிடும். எண்ணெயில் விழுதைப் போட்டுச் சிறு தீயில், பச்சை வாசம் போய் எண்ணெய் பிரியும்வரை வதக்கவும். இதில் அவசரப்பட்டால் சாஸ் முழுவதும் பச்சை மிளகாய் வாடை அடிக்கும். பிறகு தண்ணீர், புளி, கூலா மெலாக்கா, உப்பு சேர்த்துக் கொதித்ததும் கடலையைப் போட்டு, 8 முதல் 10 நிமிடம் கிளறி இறக்கவும். ஆறினால் இன்னும் கெட்டிப்படும். வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் ஓர் அங்குல இஞ்சியும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் போடலாம்.

2. கிச்சாப் மிளகாய்

தேவையானவை: கிச்சாப் மானிஸ் 3 மேசைக்கரண்டி, கிச்சாப் மாசின் 1 தேக்கரண்டி, சிலி பாடி 4, பூண்டு 1 பல், சின்ன வெங்காயம் 2, கஸ்தூரி எலுமிச்சை 3.

மிளகாய், பூண்டு, வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, கிச்சாப்பில் கலந்து, எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பே தேவையில்லை. 10 நிமிடம் ஊறினால் காரம் கிச்சாப்பில் இறங்கும். மாவு தொடாத முழுத் தௌக்வாவுக்கு இதைவிடப் பொருத்தமான சாஸ் இல்லை.

3. பாசெம்பூர் பாணிச் சர்க்கரைவள்ளிச் சாஸ்

பினாங்கில் பாசெம்பூர் என்றும், மற்ற இடங்களில் மாமாக் ரோஜாக் என்றும் அழைக்கப்படும் உணவு, இந்திய முஸ்லிம் வியாபாரிகள் இந்நாட்டுக்குத் தந்த கொடை. சீனர்களின் தௌஹுவும் நம் வடையைப் போன்ற பொரிப்புகளும் ஒரே தட்டில் சேர்ந்திருக்கும். அதன் சாஸுக்குக் கெட்டித்தன்மை தருவது சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

தேவையானவை: வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளி 200 கிராம், காய்ந்த மிளகாய் விழுது 2 மேசைக்கரண்டி, புளிக்கரைசல் 3 மேசைக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, இடித்த நிலக்கடலை 3 மேசைக்கரண்டி, வறுத்த எள் 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 250 மில்லி லிட்டர், உப்பு.

மிளகாய் விழுதை எண்ணெயில் நன்றாக வதக்கி, தண்ணீர், கிழங்கு, புளி, சீனி, உப்பு சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிடவும். கடைசியில் கடலையும் எள்ளும் தூவவும். கிழங்கிலேயே இனிப்பு இருப்பதால் சீனியைச் சுவை பார்த்துப் போடுங்கள்.

4. இஞ்சி மிளகாய்ச் சாஸ்

தேவையானவை: சிவப்பு மிளகாய் 6, இஞ்சி ஓர் அங்குலம், பூண்டு 3 பல், கஸ்தூரி எலுமிச்சை 4, சீனி 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வெந்நீர் 2 மேசைக்கரண்டி.

எலுமிச்சை நீங்கலாக மற்றவற்றை அரைத்து, கடைசியில் சாற்றைப் பிழிந்து கலக்கவும். மாவில் புரட்டிப் பொரித்த துண்டுகளுக்கு இந்தப் புளிப்பும் காரமும் நன்றாகச் சேரும்.

பரிமாறும் முறை

கடைப் பாணித் தௌஹு கோரேங் வேண்டுமென்றால், பொரித்த தௌக்வாவைக் குறுக்கே வெட்டிப் பை போலத் திறந்து, நீளமாகச் சீவிய வெள்ளரிக்காயும் வெந்நீரில் அரை நிமிடம் போட்டெடுத்த தௌகேயும் அடைத்து, மேலே குவா காச்சாங் ஊற்றவும். ஊற்றியவுடன் சாப்பிட வேண்டும். தாமதமாகும் என்றால் சாஸைக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள்.

பள்ளிக்கோ வேலைக்கோ கட்டிக் கொடுப்பதென்றால், தௌஹு முழுதாக ஆறிய பிறகே டப்பாவை மூட வேண்டும். சாஸ் சிறு டப்பியில் தனியே போகட்டும். நிலக்கடலைச் சாஸ் கொடுப்பதற்கு முன், பிள்ளைக்கோ அதனோடு பகிர்ந்து சாப்பிடும் நண்பர்களுக்கோ கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள்

2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். தௌஹுவில் மாவுச்சத்து குறைவு என்பதால் இவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நினைப்பதுண்டு. தௌஹு சரிதான், சாஸில்தான் கவனம் வேண்டும். கிச்சாப் மானிஸில் பெரும்பகுதி சர்க்கரை. குவா காச்சாங்கில் கூலா மெலாக்கா இருக்கிறது; நிறம் கறுப்பாக இருப்பதால் அது சீனியைவிடப் பாதுகாப்பானது ஆகிவிடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இஞ்சி மிளகாய்ச் சாஸில் சீனியை விட்டுவிட்டுச் செய்து கொடுக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிச்சாப் மாசினைக் குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு காரணமாக உணவுக் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் தௌஹுவின் அளவை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு முடிவு செய்வது நல்லது.

வாங்குவதும் வைத்திருப்பதும்

நம் ஊர் வெயிலுக்குத் தௌஹு சீக்கிரம் புளித்துவிடும். காலையிலேயே வாங்குங்கள். தண்ணீரில் மிதப்பதை வாங்கினால் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சுத்தமான தண்ணீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் 2 அல்லது 3 நாள் தாங்கும். புளித்த வாடை வந்தாலோ, தொட்டால் வழுவழுப்பாக இருந்தாலோ எறிந்துவிட வேண்டும். பொரித்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

பொரித்த எண்ணெயை ஆறியதும் வடிகட்டி மூடிவைத்தால் இன்னும் ஓரிரு முறை பயன்படுத்தலாம். நிறம் கறுத்து, நுரைத்து, காறல் வாடை வந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். புட்டியில் அடைத்து அப்புறப்படுத்துங்கள்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*தௌஹு சட்டியில் ஒட்டிக்கொள்வது ஏன்?*
எண்ணெய் சூடாகும் முன்பே போட்டிருப்பீர்கள். அல்லது துண்டில் ஈரம் இருந்திருக்கும். ஒட்டினாலும் பதறிச் சுரண்ட வேண்டாம். அடிப்பாகம் சிவந்ததும் பெரும்பாலும் விட்டுவிடும்.

*முதல் சட்டி நன்றாக வந்தது, அடுத்தது எண்ணெய் குடித்துவிட்டதே?*
ஒரே நேரத்தில் அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் மறுபடி சூடேறும்வரை காத்திருங்கள்.

*விருந்தினர் வர நேரமாகும். முன்கூட்டியே பொரித்து வைக்கலாமா?*
முதல் பொரிப்பை முடித்து எடுத்து வைக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றால் ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். அவர்கள் வந்தமர்ந்த பிறகு இரண்டாவது பொரிப்பைச் செய்யுங்கள்.

*மிஞ்சியதை எப்படிச் சூடாக்குவது?*
மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் போலாகிவிடும். எண்ணெய் விடாத தோசைக்கல்லிலோ, ஏர் பிரையரிலோ சில நிமிடம் வைத்தால் பழைய பதம் ஓரளவு திரும்பும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால், மறுநாள் மீ கோரேங்கில் வெட்டிப் போட்டுவிடுங்கள். அல்லது சாம்பல் பூசணிக் கூட்டில் சேருங்கள். வீணாக்க வேண்டியதில்லை.

முதன்முதலாகச் செய்பவர்கள் நான்கு சாஸையும் ஒரே நாளில் முயல வேண்டாம். இரண்டு தௌக்வா, கிச்சாப் மிளகாய் ஒரு கிண்ணம் என்று தொடங்குங்கள். ஈரத்தைப் போக்கும் பழக்கம் கைவந்துவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை குவா காச்சாங்கைப் பார்த்துக்கொள்ளலாம்.